கொழுப்பு மிகுந்த உணவும் கல்லீரல் உயிரணுவின் கால்சியச் சமநிலையும்

கொழுப்பும் ஆற்றலும் மிகுந்த உணவை நெடுநாள் உட்கொள்ளும்போது கல்லீரல் உயிரணுக்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன. அத்துடன், அவ்வுயிரணுக்கள் கால்சிய அயனிகளைத் தமக்குள் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கும் ஒழுங்கும் குலைகிறது. இவ்விரு மாற்றங்களுக்கும் இடையேயுள்ள தொடர்பு 2000களின் பிற்பகுதியிலிருந்து விரிவாக ஆராயப்பட்டு வருகிறது. நுண்நோக்கியில் எளிதில் தெரியும் கொழுப்புத் துளியைவிட, உயிரணுவின் உட்சவ்வுகளில் நிகழும் வேதிமாற்றமே உயிரணுவுக்குப் பெருங்கேடு விளைவிக்கிறது என்பது இவ்வாய்வுகளின் வழி தெரியவந்த முதன்மையான செய்தியாகும்.

இருவகைக் கால்சியச் சமநிலை

கால்சியச் சமநிலை என்னும் சொல் இருவேறு பொருள்களில் ஆளப்படுகிறது. இவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதலாவது, முழு உடலின் கால்சியச் சமநிலை. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 1 கிலோகிராம் கால்சியம் உள்ளது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் அடங்கியுள்ளது. குருதியில் உள்ள சிறு பங்கை இணைகேடயச் சுரப்பியும் உயிர்ச்சத்து டி-யும் கட்டுப்படுத்துகின்றன. இரண்டாவது, தனியொரு உயிரணுவுக்குள் நிலவும் கால்சியச் சமநிலை. இங்குப் பேசப்படும் அளவு மிகச் சிறியது. ஆயினும் உயிரணுவின் வாழ்வும் சாவும் அதனைச் சார்ந்துள்ளன.

கொழுப்பு மிகுந்த உணவு முதல் வகைச் சமநிலையையும் ஓரளவு தொடுகிறது. குடலில் செரிக்கப்பட்ட நீண்ட சங்கிலி நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் கால்சியத்துடன் கூடிக் கரையாத சவர்க்காரமாக மாறி மலத்துடன் வெளியேறக்கூடும். கடினநீரில் துணி வெளுக்கும்போது சவர்க்காரம் நுரைக்காமல் வெண்மையாகத் திரிவதும் இதே வேதிவினைதான். நலமாக உள்ளோரிடம் இவ்விழப்பு சிறிதே. கொழுப்பை உறிஞ்ச இயலாத குடல் நோயாளிகளிடம் இது பெரிதாகிறது. அவர்களிடம் கால்சியத்துடன் சேர வேண்டிய ஆக்சலேட்டு தனித்து நின்று குருதிக்குள் நுழைவதால் சிறுநீரகக் கல்லும் உண்டாகிறது. மேலும், உயிர்ச்சத்து டி செயல்வடிவம் பெறுவதற்கான முதற்படி கல்லீரலிலேயே நடைபெறுகிறது. ஆகையால் கல்லீரல் கடுமையாகச் சிதைந்தோரிடம் எலும்பு மெலிவு காணப்படுவதுண்டு.

இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி இரண்டாவது வகையைப் பற்றியதாகும். உணவிலோ மாத்திரையிலோ கூடுதலாகக் கால்சியம் உட்கொள்வதால் உயிரணுவுக்குள் ஏற்பட்ட குலைவு சரியாகாது. குலைவுக்குக் காரணம் கால்சியப் பற்றாக்குறை அன்று. இருக்கும் கால்சியத்தை உரிய அறையில் வைக்க இயலாமையே.

நலமான கல்லீரல் உயிரணுவில் கால்சியம்

உயிரணுவுக்கு வெளியேயுள்ள நீர்மத்தில் தனித்த கால்சிய அயனிகளின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமோல் ஆகும். உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் இது ஏறத்தாழ 0.0001 மில்லிமோல் மட்டுமே. அதாவது, வெளியே உள்ளதைப் போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை உயிரணு ஓயாமல் ஆற்றல் செலவழித்துக் காத்து வருகிறது. கால்சியத்தைச் செய்தி சொல்லும் பொருளாகப் பயன்படுத்துவதே இதன் நோக்கமாகும். அமைதியான அறையில் மெல்லிய ஒலியும் கேட்பது போல, கால்சியம் குறைந்த சைட்டோபிளாசத்தில் சிறிதளவு கால்சியம் நுழைந்தாலும் அது தெளிவான குறிப்பாக அமைகிறது.

உயிரணுவின் உள்ளே கால்சியம் சேமிக்கப்படும் முதன்மையான இடம் அகக்கலவுருச் சிறுவலை ஆகும். எண்டோபிளாச வலை என்றும் அழைக்கப்படும் இது, சவ்வுகளால் ஆன பைகளும் குழல்களும் பின்னிய அமைப்பாகும். சைட்டோபிளாசத்திலிருந்து கால்சியத்தை இதற்குள் ஏற்றும் புரதம் செர்கா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் எக்கி ஆகும். ஒரு ஏ.டி.பி. மூலக்கூற்றைச் செலவழித்து இரண்டு கால்சிய அயனிகளை இது ஏற்றுகிறது. கல்லீரலில் இதன் 2பி என்னும் வடிவம் மிகுதி.

சேமித்த கால்சியம் வெளிவருவதற்கு வேறொரு வாயில் உள்ளது. ஆர்மோன் ஒன்று உயிரணுவின் மேற்சவ்வைத் தொட்டதும், ஐ.பி.3 எனப்படும் இனோசிட்டால் டிரைபாசுபேட்டு உருவாகிறது. அது சிறுவலையிலுள்ள ஏற்பியுடன் இணைந்து வாயிலைத் திறக்கிறது. ஐ.பி.3 இவ்வாறு கால்சியத்தை விடுவிக்கிறது என்பது 1983ஆம் ஆண்டில் கணைய உயிரணுக்களில் கண்டறியப்பட்டது. 1986ஆம் ஆண்டில் உட்சு, கத்பர்ட்சன், கோபோல்டு ஆகியோர் இழுதுமீனிலிருந்து பெறப்படும் ஒளிரும் புரதமான ஏக்குவோரினை எலியின் தனித்தனிக் கல்லீரல் உயிரணுக்களுக்குள் செலுத்தி ஆராய்ந்தனர். கால்சியம் ஒரே சீராக உயராமல், நாடித்துடிப்பைப் போல மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதை அவர்கள் கண்டனர். ஆர்மோனின் அளவு கூடும்போது ஒவ்வொரு துடிப்பின் உயரமும் பெரிதாக மாறுவதில்லை. துடிப்புகள் விரைந்து வருகின்றன. குளுக்கோசு வெளியீடு, பித்தநீர்ச் சுரப்பு, உயிரணுப் பிரிவு எனக் கல்லீரலின் பல பணிகள் இத்துடிப்புகளால் வழிநடத்தப்படுகின்றன.

சிறுவலையில் கால்சியம் குறைந்தால் வெளியிலிருந்து அதனை நிரப்பிக்கொள்ளும் வழியும் உண்டு. இத்தகைய ஏற்பாடு இருக்க வேண்டும் என 1986இல் சேம்சு புட்னி முன்மொழிந்தார். இதற்குப் பொறுப்பான சிடிம்1, ஓராய்1 ஆகிய புரதங்கள் 2005, 2006ஆம் ஆண்டுகளில்தான் அடையாளம் காணப்பட்டன.

கொழுப்பு கல்லீரலை வந்தடையும் வழி

உண்ட கொழுப்பு நேரே கல்லீரலில் போய்ப் படிகிறது என்பது பரவலான எண்ணம். உண்மை சற்றுச் சிக்கலானது. கொழுப்புக் கல்லீரல் கொண்ட நோயாளிகளிடம் அடையாளமிட்ட அணுக்களைப் பயன்படுத்தி 2005இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், கல்லீரலிலிருந்த டிரைகிளிசரைடில் ஏறத்தாழ 59 விழுக்காடு குருதியில் சுற்றிவரும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது தெரியவந்தது. இவற்றுள் பெரும்பங்கு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிவதாகும். 26 விழுக்காடு, பெரும்பாலும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மூலமாகக் கொண்டு கல்லீரலே புதிதாக ஆக்கிய கொழுப்பு. அந்நாட்களில் உண்ட உணவின் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 விழுக்காடு மட்டுமே. கொழுப்புத் திசுவில் சேர்ந்ததும் முன்பு உண்ட மிகுதி உணவின் விளைவே என்பதால், உணவுக்குப் பங்கில்லை என்று இதனைக் கொள்ளலாகாது. இன்றைய எண்ணெய்ப் பலகாரத்தைவிடப் பல ஆண்டுகளின் மிகை ஆற்றலே கணக்கில் பெரிது என்பதே இதன் பொருள்.

கொழுப்பின் வகையும் கருதத்தக்கது. பின்லாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், உடல் எடை மிகுந்த 38 பேர் மூன்று வாரங்களுக்கு நாள்தோறும் 1000 கிலோகலோரி கூடுதலாக உண்டனர். கூடுதல் ஆற்றலை நிறைவுற்ற கொழுப்பாக உண்டோரின் கல்லீரல் கொழுப்பு முன்பிருந்ததைவிட 55 விழுக்காடு உயர்ந்தது. எளிய சர்க்கரையாக உண்டோரிடம் 33 விழுக்காடும், நிறைவுறாக் கொழுப்பாக உண்டோரிடம் 15 விழுக்காடும் உயர்ந்தன. ஆற்றல் அளவு ஒன்றே, விளைவு ஒன்றன்று. பாமாயிலில் ஏறத்தாழ 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம் என்னும் நிறைவுற்ற அமிலம் உள்ளது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் ஆகிய நிறைவுறா அமிலங்களே.

இந்தியத் துணைக்கண்டத்தவருக்கு இச்செய்தி தனித்த முக்கியத்துவம் உடையது. ஐக்கிய அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளி ஆண்களிடம், ஒல்லியாக இருந்தபோதும், பிற இனத்தவரைவிடக் கல்லீரல் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாக இருந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

கொழுப்புத் துளி கேடா, காப்பா?

நலமான கல்லீரலில் கொழுப்பின் எடை 5 விழுக்காட்டிற்குக் குறைவாகும். அதனை மிஞ்சும்போது கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். மதுவால் அன்றி இந்நிலையில் அழற்சியும் தோன்றுவதை 1980இல் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த சூர்கன் லுட்விக்கு குழுவினர் தனி நோயாகப் பெயரிட்டு விவரித்தனர். 2023இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இந்நோய்த் தொகுதிக்கு வளர்சிதைமாற்றக் குலைவு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் எனப் புதுப்பெயர் சூட்டியது.

கொழுப்புத் துளி கொண்ட அனைவருக்கும் அழற்சி தோன்றுவதில்லை. ஏன் என்பதற்கான விடையின் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. வளர்ப்பு உயிரணுக்களுக்கு ஒலியிக் அமிலத்தை அளித்தால் பெரிய துளிகள் உருவாகின்றன. உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. பால்மிட்டிக் அமிலத்தை அளித்தால் துளிகள் குறைவாகவே உருவாகின்றன. ஆனால் உயிரணுக்கள் மடிகின்றன. இரண்டையும் சேர்த்து அளித்தால் ஒலியிக் அமிலம் பால்மிட்டிக் அமிலத்தைத் துளிக்குள் ஈர்த்துச் சென்று உயிரணுவைக் காக்கிறது. 2007இல் கொழுத்த எலிகளின் கல்லீரலில் டிரைகிளிசரைடு ஆக்கும் நொதியைத் தடுத்துப் பார்த்தனர். கல்லீரல் கொழுப்பு குறைந்தது, ஆனால் கல்லீரல் சேதம் கூடியது. ஆகவே துளி என்பது ஓரளவு பாதுகாப்பான கிடங்கு. கிடங்கிற்குள் செல்லாத நிறைவுற்ற அமிலங்களே சவ்வுகளில் புகுந்து தொல்லை தருகின்றன.

கால்சிய எக்கி பழுதாதல்

செர்கா எக்கி சிறுவலையின் சவ்வில் பதிந்துள்ளது. அதன் புரதச் சங்கிலி சவ்வைப் பல முறை ஊடுருவிச் செல்கிறது. 2000ஆம் ஆண்டில் சப்பானைச் சேர்ந்த சிக்காசி தொயோசிமா குழுவினர் தசையிலுள்ள செர்காவின் கட்டமைப்பை அணு அளவில் கண்டறிந்தனர். அயனிகளைக் கடத்தும்போது இப்புரதத்தின் பகுதிகள் பெரிதாக இடம்பெயர்கின்றன என்பதை அவர்களுடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. இவ்வாறு அசைந்து வேலை செய்யும் பொறிக்கு அதனைச் சூழ்ந்த சவ்வு இளக்கமாக இருத்தல் வேண்டும். சவ்வில் நிறைவுற்ற கொழுப்பு அமிலமோ கொலசுட்ராலோ மிகுந்தால் சவ்வு இறுகி, எக்கியின் வேகம் குறைகிறது.

இதனைக் கொழுத்த விலங்குகளின் கல்லீரலில் நேரடியாகக் காட்டியது 2011இல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் கோக்கான் ஓட்டமிசுலிகில் ஆய்வுக்குழு வெளியிட்ட கட்டுரையாகும். உடல் பருத்த எலிகளின் கல்லீரலிலிருந்து சிறுவலையை மட்டும் பிரித்தெடுத்து அதன் சவ்விலுள்ள கொழுமியங்களை அளந்தனர். பாசுபாட்டிடைல்கோலின், பாசுபாட்டிடைல்எத்தனோலமைன் ஆகிய இரண்டும் சவ்வின் முதன்மைக் கூறுகள். பருத்த எலிகளில் முன்னதன் விகிதம் பின்னதைவிட மிகவும் உயர்ந்திருந்தது. இவ்விகித உயர்வு செர்காவின் செயலைக் குறைத்தது. இரண்டாவதை முதலாவதாக மாற்றும் பெம்ட் என்னும் நொதியைக் கல்லீரலில் குறைத்தபோது விகிதம் சீரடைந்தது, கால்சியம் மீண்டும் சிறுவலையில் சேர்ந்தது, குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டு உமுத்து ஓசுக்கன் குழுவினர், பருத்த எலிகளின் கல்லீரலில் செர்கா 2பி புரதத்தின் அளவே குறைந்திருப்பதையும், அதனை மரபணு வழியாக மீட்டளித்தால் கல்லீரல் கொழுப்பு குறைவதையும் காட்டியிருந்தனர்.

பாசுபாட்டிடைல்கோலின் மிகுந்தால் கேடு எனில், அதனை முற்றிலும் குறைத்துவிடலாமா என்ற கேள்வி எழும். அதற்கான விடை மிகப் பழையது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான சார்லசு பெசுட்டு, 1930களில் தொரொன்டோவில், உணவில் கோலின் இல்லாத விலங்குகளுக்குக் கொழுப்புக் கல்லீரல் உண்டாவதை நிறுவினார். கோலின் இன்றேல் போதிய பாசுபாட்டிடைல்கோலின் உருவாகாது. அஃது இன்றேல் கல்லீரல் தன் கொழுப்பைக் கொழுப்புப்புரதத் துகள்களாகக் கட்டி வெளியே அனுப்ப இயலாது. விகிதம் மிகத் தாழ்ந்தால் உயிரணுவின் மேற்சவ்வே கசியத் தொடங்கும் என்பதும் 2006இல் காட்டப்பட்டது. எனவே இங்குப் பொருட்படுத்த வேண்டியது ஒரு பொருளின் அளவு அன்று, இரண்டின் விகிதம்.

எக்கி மட்டும் பழுதாவதில்லை. கொழுப்பு நிறைந்த கல்லீரல் உயிரணுக்களில், வெளியிலிருந்து கால்சியத்தை நிரப்பும் வழியும் தடைபடுவதை ஆத்திரேலியாவின் பிளின்டர்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் தெரிவித்தனர். ஏற்றும் எக்கி தளர்ந்து, நிரப்பும் வாயிலும் அடைபட்டால் சிறுவலையின் இருப்பு மேலும் கீழே போகிறது.

சிறுவலை அழுத்தம்

சிறுவலை வெறும் கால்சியக் கிடங்கு அன்று. ஆல்புமின் முதல் குருதி உறையச் செய்யும் புரதங்கள் வரை கல்லீரல் குருதிக்கு அனுப்பும் புரதங்கள் யாவும் அங்குதான் மடிக்கப்பட்டு உரிய வடிவம் பெறுகின்றன. மடிப்பதற்கு உதவும் கால்ரெட்டிகுலின் போன்ற துணைப்புரதங்கள் கால்சியம் இன்றிச் செவ்வனே இயங்கா. கால்சியம் குறைந்ததும் சரியாக மடியாத புரதங்கள் தேங்குகின்றன. இந்நிலை சிறுவலை அழுத்தம் எனப்படும். தாப்சியா என்னும் தாவரத்திலிருந்து பெறப்படும் தாப்சிகார்சின் செர்காவை முழுதும் தடுக்கும் நஞ்சாகும். அதனை இட்ட உயிரணுக்களில் வேறெந்தக் கோளாறும் இன்றியே இவ்வழுத்தம் தோன்றுவது கால்சியத்தின் பங்கைத் தெளிவாக்குகிறது.

அழுத்தத்தை உணர ஐ.ஆர்.இ.1, பெர்க்கு, ஏ.டி.எப்.6 என மூன்று உணரிப் புரதங்கள் உள்ளன. தொடக்கத்தில் இவை புரத உருவாக்கத்தைக் குறைத்தும் துணைப்புரதங்களைக் கூட்டியும் உயிரணுவை மீட்க முயல்கின்றன. அழுத்தம் நீடித்தால் இவையே உயிரணு தன்னை மாய்த்துக்கொள்ளும் வழியைத் தூண்டுகின்றன. இவற்றுள் முதலிரண்டும், மடியாத புரதம் ஏதுமின்றியே, சவ்வில் நிறைவுற்ற கொழுப்பு மிகுவதை நேரடியாக உணரவல்லவை என 2013இல் தெரியவந்தது. ஐ.ஆர்.இ.1 வழியாக இன்சுலினின் செய்தி தடைபடுவதும் உண்டு. நீரிழிவுக்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் உள்ள நெருக்கத்திற்கு இது ஒரு காரணம்.

இழைமணிகளின் பங்கு

சிறுவலையிலிருந்து வெளிவரும் கால்சியத்தில் ஒரு பகுதி அருகிலுள்ள இழைமணிகளுக்குள் செல்கிறது. மைட்டோகாண்ட்ரியா என்றும் வழங்கும் இவ்வுறுப்புகள் சிறுவலையுடன் பல இடங்களில் நெருங்கியுள்ளன. அளவான கால்சியம் இழைமணிக்கு நன்மையே. ஆற்றல் உற்பத்திக்கான சில நொதிகளை அது முடுக்குகிறது. அளவு மிஞ்சினால் ஆக்சிசன் தனி உறுப்புகள் பெருகி, இழைமணியின் சவ்வில் துளை திறந்து, சைட்டோகுரோம் சி கசிந்து உயிரணு மடிகிறது.

பருமனில் இவ்விரு உறுப்புகளின் நெருக்கம் கூடுகிறதா, குறைகிறதா என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடு இல்லை. கொழுத்த எலிகளின் கல்லீரலில் நெருக்கம் மிகுந்து இழைமணிகள் கால்சியத்தால் மூழ்குகின்றன என 2014இல் ஆர்வர்டு குழு வெளியிட்டது. அதே ஆண்டு பிரான்சிலிருந்து வெளியான ஆய்வு, நெருக்கம் குலைவதே இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணம் என்றது. அளக்கும் முறைகளும் எலிகள் உண்ட உணவும் நாட்கணக்கும் வேறுபட்டவை என்பதால் இரண்டில் ஒன்றைத் தவறு எனத் தள்ளிவிட இயலாது.

ஆய்வுகளின் வரம்பு

மேற்கூறிய முடிவுகளுள் பெரும்பாலானவை எலிகளிடமும் வளர்ப்பு உயிரணுக்களிடமும் பெறப்பட்டவை. ஆய்வுக்கூடத்துக் கொழுப்புணவில் ஆற்றலின் 45 முதல் 60 விழுக்காடு கொழுப்பிலிருந்து வருகிறது. மனிதர் எவரும் ஆண்டுக்கணக்கில் இவ்வாறு உண்பது அரிது. மேலும், 2011ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வு முதன்மையாக லெப்டின் என்னும் ஆர்மோன் பிறவியிலேயே இல்லாத எலிகளைக் கொண்டு நடத்தப்பட்டது. அவை வழமையான தீவனத்தையே அளவின்றித் தின்று பருப்பவை. ஆகவே “எண்ணெய் உணவு கால்சிய எக்கியை நிறுத்துகிறது” என்று ஒரே வரியில் எழுதுவது பொருந்தாது. மிகை ஆற்றல், பருமன், கொழுப்பின் வகை ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. மனிதக் கல்லீரலிலிருந்து மாதிரி எடுக்க ஊசி செலுத்த வேண்டியிருப்பதாலும், எடுத்த உயிரணுவில் கால்சியத்தை அளப்பது கடினம் என்பதாலும் மனிதரிடம் நேரடிச் சான்று குறைவு.

மீட்சி

கல்லீரல் மீளும் ஆற்றல் மிக்க உறுப்பு. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 முதல் 10 விழுக்காடு குறைந்தோரில் பலரிடம் அழற்சி தணிகிறது. 10 விழுக்காட்டிற்கு மேல் குறைத்தோரில் சிலரிடம் நார்த்தழும்பும் பின்வாங்குகிறது. இதற்கான மருந்துகளுள் ரெசுமெட்டிரோம் 2024 மார்ச்சிலும், செமாகுளுடைடு 2025 ஆகத்திலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றன. முன்னது தைராய்டு ஆர்மோன் ஏற்பி வழியாகவும், பின்னது பசியையும் எடையையும் குறைத்தும் செயற்படுகின்றன. இவை கால்சிய எக்கியை நேரடியாகக் குறிவைப்பவை அல்ல.

எக்கியையே முடுக்கும் சி.டி.என். 1163 என்னும் சேர்மம், பருத்த எலிகளில் குருதிச் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பையும் குறைத்ததாக 2016இல் அறிவிக்கப்பட்டது. செர்கா இதயத் தசைக்கும் இன்றியமையாதது என்பதால், கல்லீரலில் மட்டும் செயற்படுமாறு இத்தகைய மருந்தை வடிவமைப்பதே இத்துறையில் எஞ்சியுள்ள இடர்ப்பாடாகும்.